நாற்பது இல்லை, நாலு கிராம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூர் லஸ் அருகிலுள்ள பூங்காவில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் பதினோரு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவி, மருந்து நிறுத்துக் கொடுக்கும் வேலை. லேப் அசிஸ்டென்ட் ஆக வேண்டுமென்றால் கம்பெனி வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் வேதியியல் கணக்கில் கவிழ்ந்தேன். மூன்றாவது முறைதான் கடைசி. என்னைவிடப் பத்து வயது சின்னவனெல்லாம் பேர் சொல்லி வேலை ஏவுவான். பற்றிக்கொண்டு வரும்.

திருவல்லிக்கேணியில் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், டீக்கடைச் சிநேகிதர், அந்தப் பூங்காவில் ஞாயிறுதோறும் கூடிக் கெமிஸ்ட்ரி படிக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். வாத்தியார் கிடையாது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் புரட்டப்போய், அதை விடமுடியாமல் போன மாமி ஒருவர் கணக்கைப் போட்டுக் காட்டுவார். பாய், நான், இன்னும் மூன்று பேர் சிமென்ட் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். "புரிஞ்சுதா?" என்பார் மாமி. எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் ஆட்டினேன். இங்கேயும் முட்டாள் என்று பெயர் வாங்க வேண்டுமா? நான்கு வாரம் இப்படியே போனது.

ஐந்தாவது வாரம், ஒரு லிட்டர் டெசிநார்மல் காஸ்டிக் சோடா கரைசல் செய்ய எத்தனை கிராம் வேண்டும் என்று ஒரு கணக்கு. மாமி நாற்பது என்று போட்டார். வழக்கம்போல எல்லாத் தலையும் ஆடியது. என் தலை மட்டும் ஆடவில்லை.

"நாற்பதா? யாரும்மா சொன்னது? நாலு!" என்று கத்திவிட்டேன். நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி கோபப்படவில்லை. "நாலுன்னு எப்படிச் சொல்றேள்?"

"எப்படின்னு தெரியாது. பதினோரு வருஷமா என் கையால நிறுத்துப் போடுறேன். நாலுதான்." அதோடு விடாமல், "நீங்க போட்ட கணக்கு எதுவுமே எனக்குப் புரியலை. சும்மா தலையாட்டினேன், போதுமா?" என்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்தேன்.

பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குந்து நைனா. எனக்கு மட்டும் இன்னா புரிஞ்சுகீது? நீ ஆட்றத பாத்துதான் நானும் ஆட்டிக்கினு கீறேன்."

மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீங்கள்லாம் ஆட்டறேளேன்னுதான் நான் போட்டது சரின்னு நெனைச்சுண்டு இருந்தேன்!"

பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று விடையிலிருந்து பின்னோக்கிப் போனோம். நாலு நிச்சயம். அப்படியானால் நாற்பதைப் பத்தால் வகுக்கும் இடம் எது? லிட்டருக்கு நாற்பது கிராம் போட்டால் அது முழு நார்மல் கரைசல்; டெசிநார்மல் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு வீரியம். மாமி அதை விட்டுவிட்டார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இத்தனை வருடம் நான் நிறுத்த ஒவ்வொரு எடைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் எடையைச் சொல்வேன், அது எங்கிருந்து வந்ததென்று எல்லோரும் சண்டை போட்டுக் கண்டுபிடிப்போம்.

பரீட்சையில் தேறினேன். செய்தி சொன்ன அன்று பாய் பெஞ்சின் மேல் ஏறி நின்று கைதட்டினார்.

இப்போதும் என்னிடம் வேலை கற்க வருகிறவர்கள் வேகமாகத் தலையாட்டினால், எனக்குப் புரியாத ஒன்றை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் அவர்கள் வாய் திறக்கிறார்கள்.