மீட்டர் பார்க்க வந்தவரும் எங்கள் குட்டியும்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க வந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான மனிதர். நல்ல வெயிலிலும் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

அப்போது எங்கள் நாய்க்குட்டி எல்லோர் மேலும் தாவும். நடை பழகிய என் மகளைக்கூடத் தள்ளிவிட்டது. "இன்னொரு தடவை தள்ளினா யாருக்காவது கொடுத்துடு" என்றார் கணவர். மகளோ குட்டி பக்கத்தில் இல்லாமல் சாப்பிட மாட்டாள். அதட்டினேன், கெஞ்சினேன், "சிட், சிட்" என்று ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தேன்.

மீட்டர் பார்க்க வந்தவர் மேலும் குட்டி தாவியது. அவர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, மீட்டரையே அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றார். இரண்டு தாவலுக்குப் பிறகு குட்டி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

"எப்படி சார் உட்கார வெச்சீங்க?"

"நீங்க வேறம்மா! நாய்னாலே எனக்கு பேஜாரு. ஓடக்கூட கால் வரல. மொதல்ல அத்தப் புடிங்க!"

அன்று மாலை, சரிதானா என்ற சந்தேகத்தோடு, நானும் மகளைத் தூக்கிக்கொண்டு அவரைப் போலவே அசையாமல் நின்றேன். குட்டி தாவியது, முனகியது, பிறகு உட்கார்ந்தது. குனிந்து தடவிக் கொடுத்தேன். தினமும் இப்படியே செய்தேன். நாளாக ஆக, மகளைக் கண்டாலே உட்காரத் தொடங்கியது.

அடுத்த முறை மீட்டர் பார்க்க வேறொருவர் வந்தார். குட்டி அவர் எதிரே சமர்த்தாக உட்கார்ந்தது. பழைய மனிதர் இதைப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன். பார்த்திருந்தாலும், குடையை அணைத்துக்கொண்டுதான் உள்ளே வந்திருப்பார்.