அம்புக்குறி பெரிதாகத் தெரிந்த கருவி

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆஸ்டின் டவுனில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தேன். என்னிடம் வண்டி விடுகிற ஆபீஸ்காரர்கள் ஆறு பேர் விடுமுறை கிடைத்தால் ஹம்பி, கோவா என்று கிளம்புவார்கள். வழியில் வண்டி நின்றால் பார்க்க என்னையும் அழைத்தார்கள்.

இரண்டு பயணத்துக்குள் நான்தான் முன்னால் ஓட்டுவது என்றாகிவிட்டது. ஒருமுறை போன சாலை எனக்கு மறக்காது. புதுச்சாலையென்றால் பஞ்சர் கடைக்காரர்களிடம் கன்னடத்தில் கேட்பேன். எந்தச் சாலை வண்டியை உடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன் நான். பின்னால் ஆறு வண்டிகள் வரும்போது மட்டும் முதுகு தானாக நிமிரும்.

பிறகு வழி காட்டும் ஜி.பி.எஸ். வந்தது. இரண்டு கருவிகளைக் கொண்டுவந்து, ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"முன்னாடி போறது நீங்கதானேண்ணா. மாட்டிப் பாத்து எதுன்னு சொல்லுங்க" என்றார் அவர்களில் ஒரு இன்ஜினியர்.

"அண்ணனுக்கு எதுக்குப்பா பாக்ஸு? அண்ணனே ஒரு பாக்ஸுதானே" என்று இன்னொருவர் சிரித்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தொம்மலூரிலிருந்து சந்தாபுரா வரை ஓட்டிப் பார்த்தேன்; போகும்போது ஒன்று, வரும்போது மற்றது. முதலாவதில் கலர் படம், வரிவரியாக இங்கிலீஷ். வெயிலில் திரை வெளுத்துப்போனது. அமுக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும். இரண்டாவதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு அம்புக்குறி, கீழே எத்தனை கிலோமீட்டர் என்ற எண். எண் எனக்குப் படிக்க வரும்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "இது வெயில்ல தெரியுது சார். கிளவுஸ் கழட்ட வேணாம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

இன்ஜினியர் தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தார். "சூப்பர்ணா. இத பாத்து எங்கம்மாவே ஓட்டிடுவாங்க."

தகடு வளைத்து, அதிராமலிருக்க டியூப் ரப்பர் வைத்து, கருவியைப் பிடித்துக்கொள்ள என் ஹேண்டிலுக்கு அளவெடுத்து ஒரு கிளாம்ப் செய்தேன். பேட்டரியிலிருந்து ஒயரும் இழுத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் இன்ஜினியர் சொன்னார். "அண்ணா, அந்தக் கிளாம்ப என் வண்டிக்கு மாத்திடுங்களேன். இனிமே நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்? இந்தத் தடவ வேன் ஒண்ணு பேசியிருக்கோம், டூல்ஸோட அதுல ஹாயா வாங்க."

எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். இன்றும் எரிவது அதுதான். கிளாம்பைக் கழற்றி மாற்றிக் கொடுத்தேன்.

சித்ரதுர்கா தாண்டிச் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வேன் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

"ஏம்பா, நீதானே ரூட் மாஸ்டரு. லெஃப்டா, ரைட்டா?" என்றார் டிரைவர்.

"லெஃப்ட்" என்றேன். அவர்கள் வலதுபக்கம் போய் மாட்டியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வளைவு தாண்டியதும் டீக்கடை வாசலில் ஆறு வண்டிகளும் வரிசையாக நின்றன. இன்ஜினியர் டம்ளரோடு கையை உயர்த்தினார்.

"உங்க செலக்‌ஷன் ஒரு தடவகூட தப்பு பண்ணலண்ணா. கிளாம்புதான் லேசா ஆடுது, பாருங்க."

வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து இறுக்கிக் கொடுத்தேன்.