என் மேசைக்கு இரண்டு மோட்டார்

பல் மருத்துவரின் நாற்காலி என்னைத் தூக்கியது. அவர் காலால் ஏதோ ஒரு விசையை அமுக்க, என் இடுப்புக்குக் கீழே ஒரு முனகல் புறப்பட்டது. முதலில் சின்னத் தயக்கம். பிறகு ஒரே சுருதியில் நீளும் ஒரு ம்ம்ம். கடைசியில், வந்தாயிற்று என்பதுபோல ஒரு டக். தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கோட்டை பஸ்ஸின் ஹாரன். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நான் ஒண்ணுமே செய்யலையேம்மா" என்றார் அவர்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து ஒரு குற்றால சீசன் முழுக்க எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

முதலில் கேட்டது குத்துக்கல்வலசையில், என் தோழி வீட்டில். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்தார். என் வீட்டுக்காரர் போலீஸ்காரர், மேலகரத்தில் எங்கள் வீடு. பழைய புத்தகங்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து வெளியிடும் ஒரு பதிப்பகத்துக்கு நானும் அவளும் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள், கால்புள்ளி, அரைப்புள்ளி, பத்தி முடிவு என்று எல்லாவற்றையும் சொல்லி. இன்னொருத்தி கணினியில் அதே இடத்தில் கண்ணை ஓட்டுவாள். வாசிப்பவள் நான். பார்ப்பவள் அவள். செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அவள் வீட்டு மாடி அறையில் தொடங்குவோம். ஏழு வருஷம் அப்படி நடந்தது.

நான் உட்கார்ந்து வாசித்ததே கிடையாது. என் காலுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே வாசிப்பேன். வீட்டிலும் அப்படித்தான். என் கவிதைகள், வரி உடையாமல் பத்தி பத்தியாக ஓடுகிறவை, எல்லாம் நின்றுகொண்டு எழுதப்பட்டவை: குளிர்பதனப் பெட்டியின் தலையில், மிக்ஸிக்குப் பக்கத்து மேடையில், இஸ்திரி போடும் பலகையின் ஓரத்தில். என் கவிதைகளில் தாளித்த வாசனை வருகிறது என்று ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டாகத்தான் எழுதினார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் நேர் எதிர். உட்கார்ந்தால் எழமாட்டாள். ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்து பிழை பிடிப்பாள். அப்படி இருந்து இருந்துதான் முதுகுத்தண்டில் ஒரு வட்டு விலகிவிட்டது. அரை மணிக்கு மேல் உட்காரவே கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். ஷார்ஜாவிலிருந்து அவள் வீட்டுக்காரர் உடனே ஏற்பாடு செய்ய, அடுத்த வாரம் வாசலில் ஒரு மேசை வந்து இறங்கிவிட்டது.

"ஏட்டி, இங்கன வா, ஒண்ணு காட்டுதேன்" என்று என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்தாள். சுவரோரம் ஒரு கறுப்பு மேசை. ஓரத்தில் நான்கு எண்கள், இரண்டு அம்புக்குறிகள். அவள் ஒரு விரலை வைத்தாள். ம்ம்ம் என்று அந்தப் பெரிய பலகை, மேலே இருந்த கணினியோடும் தண்ணீர் பாட்டிலோடும், ஒரு துளி சிந்தாமல் எழுந்து அவள் முழங்கைக்கு வந்து நின்றது. டக்.

"ஒண்ணு உக்கார. ரெண்டு நிக்க. மூணுல உன் உயரத்தப் போட்டு வச்சிருக்கேன், வாசிக்கும்போது புஸ்தகத்த வைக்க."

நல்லா இருக்குட்டி என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. நின்று வேலை செய்யப் பிறந்தவள் நான். அதற்கான மேசை வந்தது அவளுக்கு. வலிக்காக வந்த பொருள் அது, மருந்துச் சீட்டு மாதிரி. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஊன்றுகோலைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குச் சமம். தெரிந்தும் பட்டேன். மேசையோடு நிற்கவும் இல்லை அந்தத் தீ. தாழ்ப்பாள் போடக்கூடிய அந்தக் கதவு, யாரும் வந்து அரிசி எங்கே என்று கேட்காத அந்தப் பகல், ஒரு சொல் சொன்னதும் கடல் தாண்டி மேசை அனுப்பும் அந்த ஆள், எல்லாவற்றிலும் போய்ப் பற்றியது. அன்று வாசித்தபோது இரண்டு வரி தாவிவிட்டேன். "எங்கட்டி இருக்க நீ?" என்றாள். மூன்றாவது எண்ணில் இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் போகவில்லை. மத்தியானம் அவள் அழைத்தபோது தலைவலி என்றேன். அதற்கடுத்த இரண்டும் போகவில்லை. சீசன் தொடங்கிவிட்டது, வீட்டில் ஆள் வந்திருக்கிறார்கள் என்றேன். இந்த ஊரில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனியில் மலையிலிருந்து சாரல் இறங்கியதும், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிக்கிற சாக்கில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நம் நினைவு வந்துவிடும்.

அந்த நாள்களில் நான் செய்தது ஒரே வேலை, மேசை தேடுவது. குழம்பு கொதிக்கும்போது ஒரு காணொளி, துணி மடிக்கும்போது ஒன்று. பலவும் ஆறடி ஆள்களுக்காகச் செய்தவை. எவ்வளவு இறக்கினாலும், உட்கார்ந்தால் என் நெஞ்சுக்கு வந்து நிற்கும். தையல் டேப்பால் என் முழங்கையை அளந்தேன், உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை. ஒரு மோட்டார் போதும் என்று படித்தேன். அவளுடையது ஒரு மோட்டார். இரண்டு மோட்டார் இருந்தால் ஆட்டம் குறைவு, பாரம் கூடுதலாகத் தாங்கும் என்றும் படித்தேன். என் பாரம் ஒரு மடிக்கணினியும் நான்கைந்து நோட்டும். ஆனாலும் எனக்கு இரண்டு மோட்டார் வேண்டும்.

என் வீட்டுக்காரர் பந்தோபஸ்து முடிந்து வந்து தொப்பியைக் கழற்றும்போது விஷயத்தைச் சொன்னேன். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"நிக்கதுக்கு ஒரு மேசையா? இருபத்தாறு வருஷமா நிக்கேன், எவனாவது எனக்கு ஒரு ஸ்டூல் தந்தானா?"

"நான் எழுதணும்."

"எழுது. யாரு வேண்டாம்னா? உன் கூட்டாளி வாங்கிட்டால்லா, அதச் சொல்லு."

காபி கலக்கப் போனேன். ஆனாலும் வாங்க விட்டார். இரும்புச் சட்டத்தை மட்டும் வரவழைத்து, மேல்பலகையை இலஞ்சித் தச்சரிடம் பலாவில் அறுத்து வாங்கினோம். மஞ்சள் பலகை, மெழுகு தேய்த்தால் தேன் நிறம். அவளுடையது மரத்தூள் அட்டை. அதிலும் எனக்கு ஒரு திருப்தி. பின்னறையில் மேற்கு ஜன்னலை ஒட்டிப் போட்டேன். அவளுக்குச் சுவர், எனக்கு மலை. சாரல் காலத்தில் மேற்கு ஜன்னலைச் சாத்துவது இங்கே யாருக்கும் மனசு வராத காரியம். அந்தக் காற்றுக்காகத்தானே மற்ற மாதங்களைத் தள்ளுகிறோம். நானும் சாத்தவில்லை.

எட்டு நாள் ஏற்றினேன், இறக்கினேன். ஒரு வரி எழுதவில்லை. என் மேசையை யாராவது பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. அதைப் பார்த்து வயிறு எரியத் தகுதி உள்ள ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளிடம் மட்டும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் நாள், நான் சொன்ன பொய் உண்மையாகவே வந்து இறங்கியது. கோவில்பட்டியிலிருந்து நாத்தனார் குடும்பம், ஏழு பேர். பின்னறை அவர்களுக்குப் போனது. ஐந்தருவியில் குளித்துவிட்டு எண்ணெய் மணக்க மணக்க வந்தார்கள். நான் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அந்த ம்ம்ம் கேட்டது. கரண்டியோடு ஓடினேன். மேசை உச்சியில் நின்றது. அதன் நான்கு பக்கமும் ஈரத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"மைனி, இது நல்ல யோசனை!" என்றாள் நாத்தனார். "கொடி கெட்டவே வேண்டாம். அமுக்குனா மேல போகுது, காத்தும் நல்லா அடிக்கி. எங்க வாங்குனிய?"

துண்டுகளைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் பலகைக்கு அடியில் மோட்டாரை இயக்கும் கறுப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஜன்னல் வழியாகச் சாரலும் அதன் பங்கைக் கொடுத்திருந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. என் இரண்டு மோட்டார் மேசை என் தோள் உயரத்தில், தேன் நிறத்தில், ஊமையாக நின்றது. மடிக்கணினியை அதில் வைத்துத் தட்டினால் பரணில் டப்பா தேடுகிறவள்போல இருந்தேன். விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். கம்பெனி எண்ணுக்குப் போட்டால் இந்தியில் ஒரு பாட்டு வந்தது. இந்த மேசையைப் பற்றித் தெரிந்தவள் என்று எனக்கு ஒருத்திதான் இருந்தாள். நான்கு நாள் வீம்பு பிடித்துவிட்டு, வியாழக்கிழமை அழைத்தேன்.

"மேசை ஒண்ணு… தண்ணி பட்டு மேலயே நின்னுட்டு. இறங்க மாட்டேங்கு."

"யாரு மேசை?"

"என் மேசை."

"பிளக்கப் புடுங்கிப் போடு. வருதேன்" என்றாள்.

ஆட்டோவில் வந்தாள், கையில் தலைமுடி காயவைக்கிற மெஷினோடு. பின்னறைக்குள் நுழைந்து மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பலகையைத் தடவினாள். "பலாவா?" என்றாள். "ஆமா." "ரெண்டு மோட்டாரு?" "ஆமா." பாயை விரிக்கச் சொல்லி, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

"ஏட்டி, உன் முதுகு!"

"படுத்தா அது ஒண்ணும் சொல்லாது. உக்காந்தாத்தான் வையும். அந்தப் பஞ்ச எடு."

வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தாள். மெஷினை ஓடவிட்டுச் சூடான காற்றை அங்கங்கே காட்டினாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பஞ்சு எடுத்துக்கொடுத்தேன். அவள் கணுக்காலில் வெடிப்பு, வளையலில் தூசி, மூக்கு நுனியில் வேர்வை. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் இவளால் எப்படி இவ்வளவு அமைதியாக ஒரு திருகாணியைத் திருக முடிகிறது?

"ஒங்க ஆளுங்க எப்பப் போனாங்க?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை."

"எப்ப வந்தாங்க?"

"அதுக்கு முந்தின புதன்."

"அப்ப அதுக்கு முன்ன மூணு செவ்வாய்?"

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் சொல்லிவிட்டால் பாதி கேட்காமல் போகும் என்று நினைத்தேன். "எனக்குப் பொறாமையாயிட்டு."

மெஷினை நிறுத்தினாள்.

"எதுக்கு? என் முதுகுக்கா?"

"மேசைக்கு. அந்த அறைக்கு. கதவுக்கு. எல்லாத்துக்கும்தான்."

"கதவுக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மூணு வாரம் பத்து மணிக்கு அந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். வரலன்னு காலைலயே சொல்லிருந்தா நிக்காமலாவது இருந்திருப்பேன்."

அவள் நகர்ந்து வெளியே வந்தாள். "கரண்டு நின்னுபோயி வந்தா இதுக்கு எந்த உயரத்துல நிக்கோம்னு மறந்துரும். இறக்குற அம்ப விடாம அமுக்கு. விட்டுராத" என்றாள். பிளக்கைச் சொருகி அமுக்கினேன். ஒன்றுமில்லை. மேலும் அமுக்கினேன். பிறகு அந்தத் தயக்கம், அந்த முனகல். என் பலாப்பலகை ஒரு பெரிய மனுஷியைப்போல மெல்ல இறங்கி அடி வரைக்கும் போனது. டக்.

காபி வேண்டாம் என்றாள். பதிப்பகத்தின் புதிய கட்டு வந்திருக்கிறது, நானூறு பக்கம், பார்க்க வேண்டும் என்றாள். வாசல் வரை கூடவே நடந்தேன். வருகிற செவ்வாய்க்கு வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"போன செவ்வாய் முதக்கொண்டு வாசிக்க ஆய்க்குடிலேர்ந்து ஒரு டீச்சர் வருதாங்க. ரிட்டையர் ஆனவங்க. வேல நிக்கக்கூடாதுல்லா."

ஆட்டோ திரும்பி வந்து நின்றது. அவள் சேலையை ஒதுக்கி, முதுகை வளைக்காமல் பார்த்துப் பார்த்து ஏறினாள். என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷம் கணினியைப் பார்த்தபடியே என் குரலை வைத்து என் முகத்தைப் படித்தவள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அவங்க நல்லா வாசிக்காங்களா?"

"உன்ன விட நல்லாத்தான் வாசிக்காங்க. ஒரு வரி தாவ மாட்டாங்க" என்றாள். கிளம்பப்போன ஆட்டோக்காரரின் தோளைத் தட்டி ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். "சனிக்கிழமைக்கு எனக்கு ஆள் இல்ல. வாரதுன்னா வா. வரலன்னா வரலன்னு சொல்லு."