ஏரல் துறையில் வீங்கிய மிதவைப் பட்டை

ஏரல் ஆற்றுத் துறையில் ஓடம் தள்ளிய ஓடக்காரர், பேசும்போதும் திட்டும்போதும் வாயிலிருந்து சுருட்டை எடுக்க மாட்டார். நெஞ்செல்லாம் சாம்பல் உதிர்ந்து கிடக்கும்.

அன்று நான் ஏறிய ஓடத்தில் துறைமுகத்துத் துரை ஒருவரின் சேவகரும் வந்தார். கப்பல் முழுகினால் துரை மட்டும் மிதப்பதற்காகச் சீமையிலிருந்து வந்த ரப்பர் பட்டையை துரையின் முகாமுக்குக் கொண்டுபோகிறாராம். நனைந்தால் உள்ளே இருக்கும் மருந்து வாயுவாகித் தானே உப்பிக்கொள்ளுமாம். களவு போய்விடக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் இடுப்பில் கட்டியிருந்தார்.

நடு ஆற்றில் ஓடம் சாய்ந்து, தண்ணீர் சேவகர் மடியில் ஏறியது. பட்டை சீறிக்கொண்டு வீங்கியது. மூச்சு முட்டிப்போய், "சுடுது, சுடுது" என்றார். சூடு என்றதும் நான் தகரக் குவளையில் தண்ணீரை மொண்டுவிட்டேன்.

ஓடக்காரர் முதலில் சுருட்டை ஆற்றில் துப்பினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"ஊத்தாதேயும் வே. கல்யாண ஊர்வலத்துல, தண்ணி சொட்டுனா வாயு கிளம்பி எரியுற கார்பைடு விளக்கு தூக்குனவன் நான். இது அந்த நாத்தம்லா. தண்ணி பட்டா இன்னும் வீங்கும். நெருப்பு பட்டா எல்லாரும் போயிருவோம்."

கத்தியை எடுத்தார். சேவகர் கும்பிட்டார். "அறுத்துராதீங்க அண்ணாச்சி, தொரை வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"வேலைக்குப் போவ நீரு இருக்கணும்லா" என்று பட்டையைக் கிழித்தார். சேவகருக்கு மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"தொரைட்ட என்னன்னு சொல்ல?"

"சாமான் நல்லா வேலை செய்யுது, சோதிச்சுப் பாத்துட்டேன்னு சொல்லும்."

கரையேறிய சேவகர் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். ஓடக்காரர் கேலியாகச் சொன்னாரா, நல்ல யோசனை என்றே நம்பிச் சொன்னாரா என்பது அவர் முகத்தைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.