காதைத் தொட்டால் விண்வெளிப் படம்

ஐயா அவர்களுக்கோ அம்மா அவர்களுக்கோ வணக்கம். இந்தத் தாள்கள் எவர் கைக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியாது. ஆகையால் இருவரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நான் கல்லூரியில் பயின்றவன் அல்லன். பாரிவாக்கத்தில் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து, ஆவடியில் இராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு லேத் இயந்திரம் ஓட்டப் போன முதல் ஆள். வாக்கியம் அமைக்கும் முறையைச் செய்தித்தாள் தலையங்கங்களைப் படித்துப் பழகிக்கொண்டேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளுக்குள் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்திற்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. முன்பக்கம் மரக்கதவு வைத்துப் பூட்டு போட்ட பெட்டி. சாவி மன்றச் செயலாளரின் இடுப்பில் இருக்கும். மாலையானால் ஒருவர் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். அவர் மேலிருந்து கேட்க, கீழே கூட்டம் குரல் கொடுக்கும்.

"வருதா?"

"இல்லண்ணாத்தே, புள்ளி புள்ளியா கீது!"

சனிக்கிழமை மாலையில் வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்று காட்டினார்கள். அழிந்துகொண்டிருக்கும் பூமியிலிருந்து ஒரு கூட்டத்தாரைக் கண்ணாடிப் பெட்டிகளில் உறங்க வைத்து, தொலைதூர நட்சத்திரம் ஒன்றுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டிகள் தாமே திறந்து எல்லாரும் எழ வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் சிறு பெண் ஒருத்தி தனியாகக் கிடந்தாள். அவளது பெட்டியின் தலைமாட்டு விளக்கு முதல் வாரத்திலிருந்தே மினுக்கிக்கொண்டிருந்தது.

பேச்செல்லாம் ஆங்கிலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அலுவலக எழுத்தர் ஒருவர் தொலைக்காட்சியின் அருகில் நின்று தமிழில் சொல்லுவார்.

"கேப்டன் என்ன சொல்லுதாம்னா, எண்ணெய் தீந்துட்டுங்கான்."

"அவன் அவ்ளோ நேரம் பேசினான், நீ ஒரே வார்த்தைல முட்ச்சிக்கினியே மாமே!"

"மிச்சம் பூரா கெட்ட வார்த்தைவே. பிள்ளைங்க இருக்குல்லா?"

அந்தக் கதையில் முகமே இல்லாத ஓர் உருவமும் வந்தது. அதைக் கண்ட பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மறுநாள் அதன் தாய் மன்றத்தின் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னாத்துக்குய்யா கொழந்திங்கள உள்ள உட்றீங்க? எம்புள்ள சுவத்தப் பாத்து அலர்றான். வந்து நீங்க தூங்க வெப்பீங்களா?"

ஆகவே கூட்டம் கூடினார்கள். எந்தப் பிள்ளையை அனுமதிப்பது என்பதே கேள்வி. வயதை வைத்து முடிவு செய்யலாம் என்றார் ஒருவர். அக்காலத்தில் எங்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியைத் தலைமையாசிரியர்களே உத்தேசமாக எழுதியிருந்தார்கள். ஆகவே அது எடுபடவில்லை. செயலாளர் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்தவர். எங்களிடம் கேஜ் என்றொரு அளவுக் கருவி உண்டு. செய்த பாகம் அதற்குப் பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கேஜ் வேண்டும் என்றார் அவர்.

பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கும்போது வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லுவது வழக்கம். எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். செயலாளர் அதையே சற்று நீட்டினார். காதின் மேல்நுனியைத் தொட்டால் போதாது. கம்மல் போடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிள்ளைக்கு விண்வெளிப் படம். அளவெடுத்தே பழகிய நாங்கள் அனைவரும் கை தட்டி அதை ஏற்றுக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் வரிசை நின்றது. எங்கள் அடுத்த வீட்டுப் பையன் இரண்டாம் வகுப்புதான். ஆனால் கை நீளம். சுலபமாகக் கம்மல் இடத்தைப் பிடித்து உள்ளே போனான். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சற்றுப் பருமன். அவளுக்கு எட்டவில்லை. "வயசுக்கு வரப் போற பொண்ணுய்யா இது! அத்தப் போயி கைய அளந்துகினு கீறீங்க!" என்று அவள் தாய் பொரிந்தார். தள்ளப்பட்ட பிள்ளைகளை மற்றவர்கள் "ரிஜெக்ட்டு, ரிஜெக்ட்டு" என்று கூவினார்கள். பெரியவர்களும் சிரித்தோம்.

பிறகு என் மகளின் முறை வந்தது.

அவளுக்கு அப்போது பத்து வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. உதடும் நகக்கண்ணும் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். நாவல்பழம் தின்றாயா என்று புதியவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உருவத்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளை போலவே இருந்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். காதின் நுனிக்கு விரல் வந்ததும் மூச்சு வாங்கியது. கையை இறக்கிவிட்டுச் சற்று நின்றாள். மறுபடியும் தூக்கப் பார்த்தாள். செயலாளர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எவரும் "ரிஜெக்ட்டு" என்று கூவவில்லை. அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று எண்ணுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள்: "நானும் ரிஜெக்ட்டா நைனா?"

"சீச்சீ. அந்தாளு கண்ணுதான் ரிஜெக்ட்டு" என்றேன்.

அதன்பின் அடுத்த வீட்டுப் பையன்தான் அவளுக்குக் கதை சொன்னான். ஞாயிறு காலையில் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்காருவான்.

"ஒரே பொட்டியா கீது. எல்லாம் தூங்குது. கேப்டன் மட்டும் முழிச்சிகினு கீறான்."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் தூங்குது."

"வெளக்கு எரியுதாடா?"

"எரியுது. வுட்டு வுட்டு எரியுது."

அவ்வளவு போதும் அவளுக்கு. அடுத்த ஞாயிறு வரை அந்த விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

இந்நிலையில் நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைக்க வேண்டும். செய்யாவிட்டால் அதிக காலம் இல்லை; செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் ஒளிக்காமல் கூறினார். மயக்க மருந்து கொடுப்பார்கள், நீ தூங்கிவிடுவாய், எழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் அவளிடம் சொல்லி வைத்தோம். மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய சனிக்கிழமைதான் அந்தத் தொடரின் கடைசிப் பகுதி. பெட்டிகள் திறக்கப் போகின்றன.

நான் செயலாளரிடம் சென்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"கேஜ வுடு. அத்தக் குப்பைல போடு. அந்தப் பொட்டிப் பொண்ணு எழுந்துக்கலன்னா? அத்த யோசிச்சியா நீ?"

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். முடிவு எப்படி என்று எவருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. உறங்கப் போகும் பிள்ளை, உறங்கி எழாத பிள்ளையைப் பார்க்கலாமா? இந்தக் கேள்விக்கு எந்தக் கேஜ் இருக்கிறது?

அன்று என் மனைவி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலில் வேண்டாம் என்றாள். சற்று நேரம் கழித்து, "பாக்கட்டும்யா. அது ஆசப்பட்டு வேற இன்னா கேட்டுச்சி நம்மள?" என்றாள். பிறகு களைந்த அரிசியையே மீண்டும் களைந்தபடி, "வோணாம்யா, பயந்துக்கும்" என்றாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "புள்ளையவே கேளு" என்றாள்.

கேட்டேன். "அந்தப் பொண்ணு எழுந்துக்காமக்கூடப் போவலாம், கண்ணு. பரவால்லயா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எழுந்துக்கலன்னா நாம இன்னா நைனா பண்ண முடியும்? ஆனா நான் பாக்கணும்."

அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் எவரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. முன் வரிசையில் செயலாளரின் நாற்காலியையே அவளுக்குப் போட்டார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

கப்பல் போய்ச் சேர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாரும் எழுந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். பெரிய சன்னலின் பக்கம் ஓடிப் புதிய உலகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். அந்தச் சிறுமியின் பெட்டியைக் காட்டினார்கள். தலைமாட்டு விளக்கு ஒரு முறை மினுக்கி அணைந்தது. கேப்டன் என்னவோ மெதுவாகச் சொன்னான்.

எழுத்தர் திரையையும் என் மகளையும் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "புள்ள நல்லா அசந்து தூங்குதாம். கொஞ்ச நேரஞ் செண்டு எந்திரிக்குமாம்" என்றார்.

ஆங்கிலம் அறிந்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

வழியில் என் தோளில் சாய்ந்தவாறு அவள் பேசினாள்.

"அந்த மாமா பொய் சொன்னாரு இல்ல?"

"ஆமாம்மா."

"பாவம், அவுரு இன்னா பண்ணுவாரு." பிறகு, "அது செத்துப் போச்சி. அதுகூட பரவால்ல நைனா. ஆனா பக்கத்துல யாருமே குந்திகினு இல்ல பாத்தியா? எல்லாம் ஜன்னலாண்ட போயிட்சிங்க. ஒருத்தராவது அதாண்ட குந்திகினு இருந்திருக்கலாம்."

முகமில்லாத உருவத்துக்குப் பயப்படுவாளோ, சாவுக்குப் பயப்படுவாளோ என்றுதான் நாங்கள் அனைவரும் தர்க்கம் செய்துகொண்டிருந்தோம். அவள் பார்த்தது இதை.

"நீ எம் பக்கத்துலயே குந்திகினு இருப்பியா?" என்று கேட்டாள்.

"இருப்பேன்" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன், ஐயா. அறுவை அறைக்குள் தகப்பனை விடமாட்டார்கள் என்பது அந்நேரம் எனக்குத் தோன்றவே இல்லை.

தள்ளுவண்டியில் அவளைப் படுக்க வைத்து நீண்ட நடையில் கொண்டு சென்றார்கள். என் விரலைப் பிடித்திருந்தாள். கதவு வந்தது. வண்டி தள்ளிய ஆயா, வயதான அம்மாள், "இதுக்கு மேல வரக்கூடாதுய்யா" என்றார். அது அவர்களுடைய விதி, விதியில் தவறில்லை.

"நீ வரமாட்டியா நைனா?"

"இங்கியே வாசல்லதான் குந்திகினு இருப்பேன், கண்ணு."

"கதவ மூடிடுவாங்களே" என்றாள்.

அழவில்லை. என் விரலை அவளாகவே விட்டாள். நான் வாசலில் தரையில் உட்கார்ந்தேன். என் மனைவி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொண்டோம். எழுத்தர் அன்று கனைத்தது போலவே அவரும் ஒரு முறை கனைத்தார்.

புறப்படும் வேளையில் அந்த ஆயா என்னைத் தேடி வந்தார்.

"யாரு கூட இருப்பாங்கன்னு கேட்டுச்சிய்யா. நான் இருக்கேன்னேன். தூங்குற வரிக்கும் பக்கத்துலயேதான் நின்னுகினு இருந்தேன். எம்மாங் கெட்டியா வெரலப் புட்ச்சிகினு இருந்திச்சி தெரியுமா?"

ஆயாக்களை உள்ளறை வரை அனுமதிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. எவரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இன்று வரை கேட்கவில்லை. நம்புகிற நாட்களும் உண்டு. நம்ப முடியாத நாட்களும் உண்டு.

துக்கம் விசாரிக்க வந்த செயலாளரிடம் அவள் வழியில் சொன்னதைக் கூறினேன். அவர் எழுந்து போனார். மன்றத்தில் கேஜ் நின்றுபோயிற்று. எந்தப் பிள்ளையும் எந்தப் படத்தையும் பார்க்கலாம், பக்கத்தில் அதற்கு உரிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

சில வாரங்கள் சென்றபின் அடுத்த வீட்டுப் பையன் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, எங்க நைனா ஷிப்ட்டுக்குப் போயிட்சி. அம்மாவுக்கு ஜொரம். நீ எம் பக்கத்துல குந்துறியா?"

என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அன்று என்ன படம் என்று எனக்கு நினைவில்லை. திரையை நான் பார்க்கவும் இல்லை. நடுவில் எதற்கோ பயந்து அவன் என் விரலைப் பிடித்தான். எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பின்னாளில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. இந்தப் படத்தைப் பிள்ளைக்கு எந்த வயதில் காட்டலாம் என்று இளம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. வயது எனக்குத் தெரியாது, கூடவே உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை.

செயலாளரும் என் மனைவியும் காலமாகிவிட்டார்கள். அந்த வழியில், என் தோளில் சாய்ந்து என் மகள் பேசியதை அறிந்தவன் இப்போது நான் ஒருவனே. எனக்கும் வயதாகிவிட்டது. ஆகவே, ஐயா, அம்மா, வாசித்து முடித்தபின் இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.