அவிநாசியில் ஒரு கிரேக்கத் தேவி

1991 ஆகஸ்ட். சென்னை ரயில் என்னைத் திருப்பூரில் இறக்கிவிட்டபோது காலை மணி ஆறரை. அங்கிருந்து அவிநாசிக்குப் பதினான்கு கிலோமீட்டர்; பேருந்தில் இரண்டு ரூபாய். பக்கத்தில் இருந்தவர், "எந்தக் கம்பெனிக்குங்க?" என்றுதான் விசாரித்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

வெளிநாட்டு அருங்காட்சியகக் கடை ஒன்று நாலாயிரம் பனியன் கேட்டிருந்தது. மார்பில் கிரேக்கக் காதல் தேவியின் பழைய பளிங்குச் சிலை. அச்சடிக்கும் முன் அவர்கள் சார்பில் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை.

ஒன்பது மணி. முதலாளி குப்புசாமி டீயோடு மாதிரியையும் நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிலைக்கு இரண்டு கைகளும் கிடையாது. தோளோடு ஒடிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. பனியனிலோ ஒரு கை தாமரையை உயர்த்தியிருந்தது. மறு கை பக்கவாட்டில் நீண்டு வரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

படம் வரைந்த ஆறுமுகத்தைக் கூப்பிட்டார்கள். கோயில்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்து, அச்சு வேலைக்கு வந்தவர்.

"பின்னமான சாமியை எப்படீங்க நெஞ்சுல போட்டுக்கறது? போடறவங்க ஊட்டுக்கு ஆகாதுங்க. அதான் முழுசாக்கிக் குடுத்தேன்."

இடுப்புக்கு மேல் துணியில்லாதது அவரை உறுத்தவே இல்லை. கோயில் தூணில் பார்க்காததா?

கடை அனுப்பிய புகைப்படத்தைக் காட்டி, கைகள் கூடாது என்றேன். குப்புசாமி பதறினார். "நாளன்னைக்கு லாரி ஏத்தலீன்னா ஆர்டர் போச்சுங்க. அறுவது பேரு ஊட்டுல உக்காரோணும்."

புதிய அச்சுத் திரை செய்ய நேரமில்லை. இருக்கிற திரையிலேயே கைகள் உள்ள இடத்தைப் பசை பூசி அடைத்துவிட்டால் அங்கே மை இறங்காது. அது ஒன்றுதான் வழி.

ஆறுமுகம் தூரிகையை எடுத்தார், வைத்துவிட்டார். "என்னால ஆகாதுங்க சார். வேலையை விட்டு நிறுத்துனாலும் செரிங்க." பிறகு அதை என் பக்கம் நீட்டினார். "கை வேண்டாமுன்னது நீங்கதானுங்க. நீங்களே எடுத்துருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்கிப் பூசினேன். தாமரை போயிற்று. விரல்கள், மணிக்கட்டு, முழங்கை. தோளை நெருங்கியபோது தூரிகையை ஒரு தடவை கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தேன். அதை இருவரும் பார்த்தார்கள்.

பதினொன்றரைக்கு அடுத்த மாதிரி வந்தது. புகைப்படத்தில் உள்ளபடியே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். குப்புசாமி கும்பிட்டார். ஆறுமுகம் வெளியே போயிருந்தார்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் கையொடிந்த சிலைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அழகு என்று வியந்துவிட்டு, வெளியே வந்து சுண்டல் தின்றிருக்கிறேன். அவற்றுக்குக் கை இருந்த நாளை நினைத்ததே இல்லை. இவளைக் கைகளோடு பார்த்துவிட்டேன். அந்தக் கைகளை எடுத்தவனும் நானே.