மணி பார்த்தவள்

நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், என் ஆறு வயது மகள் கைபேசியில் ஒரு பழைய கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதுமை மாவுக்குள் விழுந்து வெளுத்துப்போன ஒரு கோழியை, ஒரு கொக்கு தன் இனமென்று நம்பித் துரத்துகிறது. கோழி ஓட ஓடக் கொக்குக்குக் காதல் கூடுகிறது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வாப்பா, கோழி பயந்துதானே ஓடுது? கொக்குக்கு அது விளங்கலயா?"

இதே படத்துக்கு நானும் என் கூட்டாளி நஸீரும் வயிறு நோகச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

வடக்கில் சண்டை முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். கற்பிட்டியில் ஒரு சீடிக் கடையில் எனக்கு வேலை. பக்கத்தில் பள்ளிவாசல் என்பதால் பாட்டுப் போடக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆகவே ரோட்டைப் பார்த்த டிவியில் நாள் முழுக்கக் கார்ட்டூன்தான். எந்த மிருகம் எப்போது விழும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த அறிவால் இன்றுவரை ஒரு பிரயோசனமும் இல்லை. நஸீர் ஐஸ் கொம்பனியில் கட்டிகளைச் சாக்கில் சுற்றும் வேலை முடிந்து நேரே வந்து, கடைச் சுவரில் சாய்ந்து நிற்பான். ஈரச் சாக்கு மணம் வந்தால் இன்றைக்கும் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

எதிரே தையல் கடை. அங்கே வேலை பழகிய பர்ஸானா, தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை. இங்கே அகதி முகாமில் பிறந்தவள். பின்னேரம் வெளியே வரும்போது எங்கள் கடைப் பக்கம் ஒரு தரம் பார்ப்பாள்.

"மச்சான், என்னத்தான் பாக்குறா" என்றான் நஸீர்.

"ஓம்டா, ஒன்னத்தான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் போகும் பஸ், இறங்கும் சந்தி எல்லாம் விசாரித்துச் சொன்னதும் நான்தான்.

நஸீர் அந்த பஸ்ஸில் ஏறத் தொடங்கினான். அவள் முன்னால் போனால் இவனும் முன்னால், பின்னால் போனால் பின்னால். கதைக்க மாட்டான், சிரிப்பான். அவள் முகத்தைத் திருப்பியதை வெட்கம் என்றான். சந்தியில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனதையும் வெட்கம் என்றான். நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும் அவளைக் காணவில்லை. ஒருநாள் காலையில் தன் உம்மாவை வாசலில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்து, என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"நானா, ஒங்கட கூட்டாளிக்கிட்டச் சொல்லுங்க. நான் ஒங்கட சுவர்ல மணி பாத்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சோண்டு. வேற ஒண்டுமில்ல." வாசலில் நின்ற உம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இப்ப உம்மா வேலைக்கு உடமாட்டேனெண்டு நிக்கிறா. பழகி முடிக்க இன்னும் ரெண்டு மாசம்தான். ஊருக்குத் திரும்பிப் போனா எங்களுக்கு அந்தத் தொழில்தான் சோறு."

பின்னேரம் நஸீரிடம் சொன்னேன். முதலில் பொய் என்றான். பிறகு திரும்பி, தன் தலைக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்தான்.

"நான் நிண்ட எடத்துக்கு நேர் மேலயா இருந்திச்சி?"

இருவரும் தையல் கடைக்குப் போனோம். எங்களுக்கு அக்கா முறையான கடைக்கார ராத்தாவிடம் அவன் நேராகவே சொன்னான்: "பிழை என்னோடது. அந்தப் புள்ளைட உம்மாக்கிட்டச் சொல்லுங்க, நான் இனி அந்த பஸ்ஸுல ஏற மாட்டன்." பஸ்ஸைக் காட்டிக் கொடுத்தவன் நான் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். தையல் மெஷினைப் பார்த்தபடி நின்றேன்.

பர்ஸானா மறுபடி வேலைக்கு வந்தாள். நஸீர் அவள் வேலை முடியும் நேரத்தில் கடைப் பக்கமே வருவதில்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் குடும்பம் மன்னாருக்குப் போனது. லொறியில் ஒரு தையல் மெஷினும் ஏறியதாக ராத்தா சொன்னார்.

சீடிக் கடை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்களுக்குக் கடல் விளையாட்டுப் பலகை வாடகைக்கு விடுகிறார்கள். ஐஸ் கொம்பனி மூடியாயிற்று. நஸீர் கட்டார் நாட்டில் வேலை. அந்நாளில் பர்ஸானா இறங்கும் முகாம் சந்தி வந்தால் பாதி பஸ் காலியாகிவிடும். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டே நம் கால் நோகும். போன கிழமை அந்த வழியால் போனேன். முகாமில் இறங்க ஆளில்லை; பஸ் அங்கே நிற்கவே இல்லை.